டைமென்ஷன் ஃபிலிம்ஸ்: பேய்ப் படங்களில் கொடிகட்டிப் பறந்த ஒரு லேபிள் எப்படிக் காணாமல் போனது?

ஸ்க்ரீம் என்ற ஹாலிவுட் திகில் பட வரிசையில் முதல் நான்கு படங்களை எடுத்தது டைமென்ஷன் ஃபிலிம்ஸ். 2022-ல் ஐந்தாவது படம் வந்தபோது அந்தப் பெயரைக் காணோம், ஸ்பைக்ளாஸ், பாரமவுண்ட் என்று வேறு பெயர்கள். ஹாலோவீன் வரிசை 1995 முதல் 2009 வரை டைமென்ஷனிடம் இருந்தது. 2018-ல் அது திரும்பி வந்தபோது மிராமாக்ஸ், ப்ளம்ஹவுஸ், யுனிவர்சல் என்று மூன்று பெயர்கள் போட்டார்கள். ஹெல்ரைசர் 2022-ல் தியேட்டருக்கே வராமல் ஹுலு ஸ்ட்ரீமிங் தளத்துக்குப் போய்விட்டது. அதே கொலைகாரன், அதே முகமூடி, கம்பெனி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு.

யாரிடமிருந்து யாருக்குப் போனது, டைமென்ஷன் என்ன ஆனது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: தாய் நிறுவனத்தை நடத்திய ஹார்வி வெய்ன்ஸ்டீனின் பாலியல் குற்ற விவகாரத்தில் மூடிவிட்டார்கள். இது பாதி உண்மை. கதவைச் சாத்தியது அந்த விவகாரம்தான். ஆனால் அதற்குப் பல வருடங்கள் முன்பே உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது என்பது என் கருத்து. அது எப்படித் தீர்ந்தது என்று பார்க்க, அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் மூன்று சொற்கள்

1. ஜானர் படம்: திகில், அறிவியல் புனைவு, ஆக்‌ஷன் போல ஒரு வகைக்குள் நின்று, அந்த வகையின் ரசிகர்களை நம்பி எடுக்கும் படம். இதற்குப் பெரிய நட்சத்திரம் தேவையில்லை. தலைப்பும் போஸ்டரும் ட்ரெய்லரும் போதும். அதனால் பட்ஜெட் குறைவு, ஓடாவிட்டாலும் கை கடிக்காது, ஓடினால் பல மடங்கு லாபம்.

2. லேபிள்: ஒரு தாய் நிறுவனத்துக்குள் இயங்கும் தனிப் பெயர். இதற்குச் சொந்தமாக ஸ்டுடியோ வளாகமோ தனி வங்கிக் கணக்கோ இருக்க வேண்டியதில்லை. பணம், வக்கீல்கள், விநியோக ஆட்கள் எல்லாம் தாய் நிறுவனத்துடையது. லேபிளுக்குச் சொந்தம் என்று சொல்ல முடிவது இரண்டுதான், ஒரு பெயரும் எந்தப் படத்தை எடுப்பது என்று தீர்மானிக்கும் ஒரு ஆளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடப்பதெல்லாம் தானாகப் புரியும்.

3. ரைட்ஸ்: எடுத்து முடித்த படத்தின் உரிமை வேறு, அந்தக் கதையின் அடுத்த பாகத்தை எடுக்கும் உரிமை வேறு. முதலாவதை 'லைப்ரரி' என்கிறார்கள், அது வருடக்கணக்கில் சிறுகச் சிறுகப் பணம் தரும். இரண்டாவதுக்குப் பல ஒப்பந்தங்களில் கெடு உண்டு. இத்தனை வருடத்துக்குள் அடுத்த படத்தை எடுக்காவிட்டால் உரிமை கொடுத்தவரிடமே திரும்பிப் போய்விடும்.

அடுத்தவர் தொடரில் ஆரம்பித்த வியாபாரம்

மிராமாக்ஸ் 1979-ல் பாப், ஹார்வி என்ற வெய்ன்ஸ்டீன் சகோதரர்கள் தொடங்கிய விநியோக நிறுவனம். அம்மா மிரியம், அப்பா மாக்ஸ், இரண்டு பெயரையும் சேர்த்து மிராமாக்ஸ். வெளிநாட்டுப் படங்கள், விருதுக்குப் போகும் படங்கள் என்று அதற்கு ஒரு மரியாதை உண்டாகியிருந்தது. அந்த மரியாதை ஹார்வியின் கணக்கில் போனது. தம்பி பாப் 1992-ல் திகில் படங்களுக்கென்று தனியாக டைமென்ஷனைத் தொடங்கினார்.

தனிப் பெயர் எதற்கு? ஆஸ்கருக்குப் போகும் பெயரையே ரத்தம் தெறிக்கும் படத்தின் போஸ்டரிலும் போட்டால் இரண்டு பக்க வியாபாரமும் குழம்பும். 1993-ல் டிஸ்னி மிராமாக்ஸை வாங்கியது, சுமார் 6 கோடி டாலருக்கு என்று அப்போது செய்தி வந்தது. அதன்பிறகு இந்த இடைவெளி இன்னும் அவசியமாகிவிட்டது. குழந்தைகளுக்கான நிறுவனம் என்று பெயரெடுத்த டிஸ்னியின் பணம் கொலைகாரப் படங்களுக்குள் போனது, ஆனால் டிஸ்னியின் பெயர் எங்கும் தெரியவில்லை.

ஆரம்பகாலப் படங்களைப் பாருங்கள். ஹெல்ரைசர் மூன்றாம் பாகம், சில்ரன் ஆஃப் தி கார்ன் இரண்டாம் பாகம், அப்புறம் 1995-ல் ஹாலோவீன் ஆறாம் பாகம். எல்லாமே வேறு யாரோ தொடங்கிய தொடர்கள். வீடியோ கடை செழித்த காலம் அது, அட்டையில் தெரிந்த பெயரும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் கேசட் வாடகைக்குப் போய்விடும். புதிதாக ஒரு கதையை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் செலவு மிச்சம்.

முதல் பெரிய வெற்றி 1994-ல் தி க்ரோ. படப்பிடிப்பில் துப்பாக்கி விபத்தில் நாயகன் பிராண்டன் லீ இறந்துபோனார், 28 வயது. பாரமவுண்ட் விலகிக்கொண்டது, மிராமாக்ஸ் படத்தை எடுத்துக்கொண்டு டைமென்ஷன் பெயரில் வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வசூல்.

ஸ்க்ரீம்: அந்த 13 நிமிடம்

கெவின் வில்லியம்சன் என்ற புது எழுத்தாளர் 'ஸ்கேரி மூவி' என்ற பெயரில் ஒரு திரைக்கதை எழுதியிருந்தார். திகில் படங்களைப் பார்த்துப் பார்த்து அவற்றின் விதிகளெல்லாம் அத்துப்படியான பிள்ளைகளையே ஒரு கொலைகாரன் துரத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் கரு. பாப் அதை 4 லட்சம் டாலருக்கு வாங்கினார், வெஸ் கிரேவனை இயக்குநராக்கினார்.

படப்பிடிப்பு தொடங்கியதும் தினசரிக் காட்சிகளைப் பார்த்த பாபுக்குத் திருப்தியில்லை. குறிப்பாக அந்த முகமூடி அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாய் நீண்டு தொங்கும் அந்த வெள்ளை முகத்தைப் படக்குழு வடிவமைக்கவில்லை, இடம் பார்க்கப் போன ஒரு வீட்டில் தயாரிப்பாளர் மரியான் மடலெனா கண்டெடுத்தது. ஃபன் வேர்ல்ட் என்ற கம்பெனி ஹாலோவீன் பண்டிகைக்கு விற்றுக்கொண்டிருந்த சாதாரண முகமூடி. இதை யார் பார்த்துப் பயப்படுவார்கள் என்பது பாபின் கேள்வி.

கிரேவன் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் அவரும் எடிட்டர் பாட்ரிக் லூசியரும் சேர்ந்து முதல் காட்சியை மட்டும் கோர்த்து அனுப்பினார்கள். வீட்டில் ட்ரூ பேரிமோர் தனியாக இருக்கிறார். அடுப்பில் பாப்கார்ன் பொரிகிறது. தெரியாத ஒருவன் போனில் உனக்குப் பிடித்த பேய்ப் படம் எது என்று விளையாட்டாகக் கேட்கிறான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மிரட்டலாக மாறுகிறது. மேலே மேலே உப்பிக்கொண்டு வரும் அந்தப் பாப்கார்ன் பொட்டலத்தை ஒரு கடிகாரம் மாதிரி பயன்படுத்தியிருப்பார் கிரேவன், அது வெடிக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. போஸ்டரில் பெரிதாக இருக்கும் நடிகை அந்தக் காட்சியோடு முடிந்துபோகிறார். சுமார் 13 நிமிடம். அதைப் பார்த்தபிறகு மேலிடத்திலிருந்து முணுமுணுப்பு வரவில்லை.

இந்தச் சம்பவத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாபின் பலம், பலவீனம் இரண்டுமே இதில் தெரிகின்றன. எழுத்தில் படித்தபோது சரியான கதையை அடையாளம் கண்டவரும் அவர்தான், எடுத்துக்கொண்டிருக்கும்போது பதறிப்போய்க் கை வைக்கப் பார்த்தவரும் அவர்தான். இந்த ஒரு தடவை இயக்குநர் காரியத்தைக் காப்பாற்றிக்கொண்டார். எல்லாத் தடவையும் அப்படி நடக்கவில்லை.

வெற்றியின் கணக்கு

ஸ்க்ரீம் 1996 டிசம்பர் 20 அன்று வந்தது. பண்டிகைக் காலத்தில் யாராவது ரத்தப் படம் விடுவார்களா என்று பலரும் கேட்டார்கள். குடும்பப் படமும் விருதுப் படமுமாக வரும் நேரத்தில் இளைஞர்களுக்கு ஒன்றுமே இல்லை, அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்பது பாபின் கணிப்பு. முதல் வார இறுதியில் 63 லட்சம் டாலர்தான் வந்தது. ஆனால் அடுத்த வார இறுதியில் வசூல் இறங்காமல் ஏறியது, 90 லட்சத்தைத் தாண்டியது. திகில் படத்துக்கு இது அபூர்வம், வழக்கமாக இரண்டாம் வாரம் பாதியாகச் சரியும். பார்த்தவர்கள் போய் மற்றவர்களிடம் சொன்னார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

முடிவில் அமெரிக்காவில் 10.3 கோடி, உலகம் முழுக்க சுமார் 17.3 கோடி டாலர். பட்ஜெட் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிதான். டிக்கெட் பணத்தில் தோராயமாகப் பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும் என்று வைத்துக்கொண்டாலும், வீடியோ வருமானத்தையும் சேர்த்தால் இது பெரிய தொகை. அதே சீசனில் அண்ணனின் மிராமாக்ஸ் வெளியிட்ட தி இங்கிலீஷ் பேஷன்ட் ஒன்பது ஆஸ்கர் வாங்கியது. அண்ணனுக்கு மேடை, தம்பிக்குக் கல்லாப்பெட்டி என்று நன்றாக ஓடிய காலம் அது.

அதற்கப்புறம் வரிசையாக அடித்தார்கள். ஒரே வருடத்தில் ஸ்க்ரீம் 2 வந்து, முதல் வார இறுதியிலேயே சுமார் 3.3 கோடி எடுத்தது. 1998-ல் ஹாலோவீன் எச்20. 2000-ல் ஸ்கேரி மூவி, ஆமாம், ஸ்க்ரீமுக்கு வைத்து வேண்டாமென்று விட்ட அதே தலைப்பு. தன் படத்தைத் தானே கிண்டல் செய்து எடுத்த அந்தப் படத்துக்கு 1.9 கோடி செலவு, உலக வசூல் 27.8 கோடி, ஸ்க்ரீமைவிட அதிகம். 2001-ல் ஸ்பை கிட்ஸ், அதே வருடம் தி அதர்ஸ். ரத்தமே காட்டாமல் ஒரு வீட்டையும் திரைச்சீலைகளையும் வைத்துப் பயமுறுத்திய தி அதர்ஸ் 1.7 கோடியில் எடுக்கப்பட்டு 20 கோடிக்கு மேல் வசூலித்தது. என்னைக் கேட்டால் இந்த லேபிள் வெளியிட்டதிலேயே மிகச் சிறந்த படம் அதுதான்.

1996 முதல் 2001 வரை சின்ன பட்ஜெட், புது எழுத்து, இயக்குநருக்குக் கொஞ்சம் இடம் என்று மூன்றும் சேர்ந்து இருந்தன. எங்கெல்லாம் சேர்ந்தனவோ அங்கெல்லாம் வென்றார்கள்.

கை வைக்கும் பழக்கம்

மூன்றில் முதலில் போனது இயக்குநரின் இடம். 1997-ல் கில்யர்மோ டெல் டோரோ மிமிக் எடுத்தபோது நடந்த தலையீடுகளைப் பற்றி அவரே பல பேட்டிகளில் வேதனையோடு பேசியிருக்கிறார். தன் மனதுக்கு நெருக்கமான ஒரு வடிவத்தை வெளியிட அவருக்கு 2011 வரை ஆயிற்று.

இன்னும் மோசமான உதாரணம் கர்ஸ்டு. ஸ்க்ரீமின் அதே கூட்டணி, வில்லியம்சன் எழுத கிரேவன் இயக்கிய ஓநாய் மனிதன் கதை. 2003-ல் ஷூட்டிங் தொடங்கியது, பாதியில் நிறுத்தினார்கள், கதையை மாற்றினார்கள், நடிகர்கள் சிலரே மாறிப்போனார்கள், மறுபடி மறுபடி எடுத்தார்கள். பெரியவர்களுக்கான படத்தைக் கடைசியில் சிறுவர்களும் பார்க்கட்டும் என்று பிஜி-13 சான்றிதழுக்காக வெட்டினார்கள். 2005 பிப்ரவரியில் வந்து, அமெரிக்காவில் 2 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. லேபிளைத் தூக்கி நிறுத்திய இருவரையே நம்பவில்லையென்றால் வேறு யாரை நம்புவார்கள்?

2005: பெயர் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம்

டிஸ்னிக்கும் சகோதரர்களுக்கும் பணத்திலும் அதிகாரத்திலும் உரசல் முற்றி 2005-ல் பிரிந்தார்கள். பாகப்பிரிவினை இப்படி நடந்தது:

1. மிராமாக்ஸ் என்ற பெயரும், அதுவரை எடுத்த படங்களின் லைப்ரரியும் டிஸ்னியிடமே தங்கின. ஸ்க்ரீம் முதல் மூன்று பாகங்கள், ஸ்பை கிட்ஸ் எல்லாம் இதில் அடக்கம்.

2. டைமென்ஷன் என்ற பெயரை பாப் எடுத்துக்கொண்டு போனார். சகோதரர்கள் ஏறக்குறைய 100 கோடி டாலர் திரட்டித் தொடங்கிய தி வெய்ன்ஸ்டீன் கம்பெனிக்குள் அது மறுபடி ஒரு லேபிளாக உட்கார்ந்தது.

3. பழைய தொடர்கள் சிலவற்றின் அடுத்த பாகங்களை எடுக்கும் வேலை பாபிடம் வந்தது. அதனால்தான் ஸ்கேரி மூவி 4, ஸ்க்ரீம் 4 எல்லாம் புதுக் கம்பெனியில் வந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் பாபுக்கு நல்ல பங்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு லேபிள் தைரியமாகப் புதிது முயன்று பார்க்கக் காரணமே பின்னால் பழைய படங்களின் வருமானம் வந்துகொண்டிருப்பதுதான். நாலு படம் கவிழ்ந்தாலும் லைப்ரரி தாங்கும். அந்தத் தூணை டிஸ்னியிடம் விட்டுவிட்டு, கடன் பணத்தோடு, பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

1408, ராப் ஜாம்பி எடுத்த ஹாலோவீன் என்று 2007-ல் நன்றாக ஓடிய படங்களும் உண்டு. ஆனால் அதே வருடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இரட்டைப் படமான க்ரைண்ட்ஹவுஸ் அமெரிக்காவில் சுமார் 2.5 கோடியோடு நின்றது, செலவு அதைவிட இரு மடங்குக்கும் மேல். கொஞ்ச நாளில் டிவிடி சந்தையும் சரியத் தொடங்கியது. சுமாரான திகில் படத்துக்கும் சோறு போட்டது அந்தச் சந்தைதான். 2010-ல் கடனைத் தீர்க்க சுமார் 200 படங்களை கோல்ட்மேன் சாக்ஸ் உள்ளிட்ட கடன்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை வந்தது.

கெடுவுக்காக எடுத்த படங்கள்

2011-ல் ஹெல்ரைசர்: ரெவலேஷன்ஸ் என்று ஒரு படம் வந்தது. கெடு நெருங்குகிறது, படம் எடுக்காவிட்டால் தொடரின் உரிமை போய்விடும். உடனே சில லட்சம் டாலர் பட்ஜெட்டில், சில வாரங்களில் ஒன்றை எடுத்து முடித்தார்கள். முந்தைய எட்டுப் படங்களிலும் ஆணி முகக்காரனாக நடித்த டக் பிராட்லி இதில் நடிக்க மறுத்துவிட்டார். அந்த உலகத்தையே படைத்த கிளைவ் பார்க்கர் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

டைமென்ஷன் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று நான் நினைப்பது இதனால்தான். தோல்விப் படம் எல்லா நிறுவனத்துக்கும் வரும். ஆனால் இந்தப் படம் யாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்டதே இல்லை, ஒப்பந்தத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடுவதற்காக எடுக்கப்பட்டது. காசு கொடுத்து டிவிடி வாங்கிய ஹெல்ரைசர் ரசிகருக்கு இது அநியாயம்.

ஹாலோவீனில் அந்த டிக்கைக்கூடப் போட முடியவில்லை. அந்தத் தொடர் டைமென்ஷனுக்குச் சொந்தம் கிடையாது, முஸ்தஃபா அக்காட் குடும்பத்தின் ட்ராங்கஸ் நிறுவனத்திடமிருந்து பெற்ற உரிமை. 2009-க்குப் பிறகு அடுத்த படம் இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போய் 2015-ல் கெடு முடிந்தது, உரிமை கைநழுவியது. ப்ளம்ஹவுஸின் ஜேசன் ப்ளம், ஒரு காலத்தில் மிராமாக்ஸில் வேலை பார்த்தவர், உள்ளே வந்தார். சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்த 2018 ஹாலோவீன் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் வசூலித்தது. சின்ன பட்ஜெட், இயக்குநருக்கு இடம். டைமென்ஷன் ஒரு காலத்தில் செய்து காட்டியதேதான்.

இன்னொரு பக்கம் அமிட்டிவில்: தி அவேக்கனிங். 2014-ல் எடுத்த படத்துக்கு ரிலீஸ் தேதி அறிவிப்பதும் மாற்றுவதுமாகவே மூன்று வருடம் போனது. 2017 அக்டோபரில் கூகுள் ப்ளேயில் இலவசமாகக் காட்டிவிட்டு, அப்புறம் அமெரிக்காவில் பத்து தியேட்டரில் போட்டார்கள். அங்கே மொத்த வசூல் 742 டாலர். லட்சமோ கோடியோ இல்லை, வெறும் 742.

2017 அக்டோபர்

அந்த மாதம் 5-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் ஹார்வி வெய்ன்ஸ்டீன் பெண்களிடம் பல ஆண்டுகளாக நடந்துகொண்ட விதத்தை வெளிக்கொண்டு வந்தது. மூன்றே நாளில் அவரைக் கம்பெனியிலிருந்து நீக்கினார்கள். 2020-ல் நியூயார்க்கிலும் 2022-ல் லாஸ் ஏஞ்சலஸிலும் பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். நியூயார்க் தீர்ப்பு 2024-ல் ரத்தாகி, 2025 மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் மீண்டும் குற்றவாளி என்று முடிவானது.

லேபிளின் கதையைப் பேசும்போது இதை ஒரு வியாபார விபத்து மாதிரி எழுதிவிட்டுப் போவது தவறு. டைமென்ஷன் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில், அதே கூரையின் கீழ் பெண்கள் மிரட்டப்பட்டார்கள், பணம் கொடுத்து வாயடைக்கப்பட்டார்கள். அண்ணனின் அலுவலகம் வேறு, தம்பியின் லேபிள் வேறு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. லேபிளுக்குத் தனி உடம்பு கிடையாது என்று முன்பு சொன்னது இங்கே இப்படி வந்து நிற்கிறது.

முதலீட்டாளர்கள் விலகினார்கள், கம்பெனியை வாங்க வந்தவர்களும் பின்வாங்கினார்கள், 2018 மார்ச்சில் திவால் மனு. அதே ஜூலையில் லான்டர்ன் கேப்பிட்டல் 28.9 கோடி டாலருக்குச் சொத்துகளை வாங்கியது. டைமென்ஷன் பெயரில் மறுபடி படம் தொடங்க யாரும் ஆர்வம் காட்டவில்லை.

சரி, இன்று எது யாரிடம்?

1. 2005-க்கு முந்தைய படங்கள் மிராமாக்ஸோடு சேர்ந்து பயணித்தன. டிஸ்னி 2010-ல் சுமார் 66 கோடி டாலருக்கு விற்றது, 2016-ல் கத்தாரின் பீஇன் மீடியா குழுமம் வாங்கியது, 2020-ல் இன்றைய பாரமவுண்ட் 49 சதவீதம் எடுத்துக்கொண்டது.

2. 2005-க்குப் பிந்தையவை லான்டர்ன் வழியாக, 2019-ல் உருவான ஸ்பைக்ளாஸ் மீடியாவுக்குப் போயின. அதிலும் சுமார் 200 படங்கள் கொண்ட லைப்ரரியை 2021-ல் லயன்ஸ்கேட் பெற்றது.

3. ஸ்க்ரீமின் புதிய பாகங்களை எடுப்பது ஸ்பைக்ளாஸ், விநியோகிப்பது பாரமவுண்ட். ஆக ஒரே தொடரின் முதல் மூன்று படங்கள் ஒரு வீட்டில், புதிய படங்கள் இன்னொரு வீட்டில்.

அந்த வெள்ளை முகமூடி மட்டும் இந்தப் பட்டியலில் எங்கும் வராது. 1996-லும் அதன் உரிமை ஃபன் வேர்ல்டிடம்தான் இருந்தது, இவ்வளவு கைமாறியபிறகும் அங்கேயே இருக்கிறது. ஸ்க்ரீம் எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த முகத்துக்கு ஃபன் வேர்ல்டிடம்தான் அனுமதி வாங்க வேண்டும்.